சுடத்தகுந்த பறவைகள்

அட்டிகஸ் ஃபிஞ்ச் தன் பிள்ளைகளுக்கு வகுத்த அந்தப் புகழ்பெற்ற விதிக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் படித்தவர்களுக்கும், சினிமாவாக மட்டும் பார்த்தவர்களுக்கும், இரண்டும் இல்லாமல் தலைப்பை மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்களுக்கும் நினைவில் நிற்பது இரண்டாம் பாதி: மாக்கிங்பேர்டைக் கொல்வது பாவம். முதல் பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பத்தாம் அத்தியாயத்தில், கிறிஸ்துமஸ் பரிசாகக் கிடைத்த காற்றுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கத் துடிக்கும் மகன் ஜெம்மிடம் அட்டிகஸ் பேசுகிறார். தகர டப்பாக்களைச் சுட்டுப் பழகுவதையே அவர் விரும்புகிறார். ஆனாலும் பையன் பறவைகளைத் தேடித்தான் போவான் என்று அவருக்குத் தெரியும். புளூ ஜே பறவைகளை, குறி விழுந்தால், எத்தனை வேண்டுமானாலும் சுட்டுக்கொள்ளச் சொல்கிறார். பாவத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வருகிறது.

ஆக, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறைகளில் கருணையின் சின்னமாகச் சொல்லித்தரப்படும் இந்தக் குறியீடு, சுடுவதற்கான அனுமதியோடு சேர்ந்தே பிறந்தது. இதைச் சுடாதே என்று பட்டியல் போட்டால், எதைச் சுடலாம் என்பதும் அதே பட்டியலில் எழுதப்பட்டுவிடுகிறது. நாவலின் பலம், பலவீனம் இரண்டையும் எடைபோட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அப்பா வாயால் 'பாவம்' என்று அதற்கு முன் கேட்டே அறியாத சிறுமி ஸ்கவுட், எதிர்வீட்டு மிஸ் மாடியிடம் போய் விளக்கம் கேட்கிறாள். மாடி காரணம் சொல்கிறாள்: அந்தப் பறவை தோட்டத்தை மேயாது, சோளக் களஞ்சியத்தில் கூடு கட்டாது, நமக்காக மனமுருகிப் பாடுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாது. இவை அத்தனையும் தோட்டத்துக்குச் சொந்தக்காரரின் கணக்கு. அதற்கும் உயிர் இருக்கிறது, ஆகையால் கொல்லாதே என்று மாடி சொல்லவில்லை. நமக்கு அதனால் நஷ்டம் இல்லை, இன்பம் உண்டு, ஆகையால் விட்டுவை என்கிறாள். உயிர் பிழைக்கும் தகுதி அந்த உயிரிடமிருந்து வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் வசதியிலிருந்து வருகிறது.

பறவையைப் பற்றியும் மாடி சொல்வது முழு உண்மை அல்ல. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் வீட்டுத் தோட்டங்களில் சாதாரணமாகக் காணப்படும் இந்தச் சாம்பல்நிறப் பறவை பழம் தின்னும். திராட்சையும் அத்தியும் விளைவிப்பவர்கள் அதைத் திட்டுவதுண்டு. குஞ்சு பொரிக்கும் காலத்தில் நாய், பூனை, மனிதர் என்று பார்க்காமல் தலைக்கு மேலே பாய்ந்து விரட்டும், நம் ஊர்க் கரிச்சான் காகத்தைத் துரத்துவதைப் போல. அதன் பாட்டோ பெரும்பாலும் மற்றப் பறவைகளிடம் எடுத்தது. லீக்கு இது நன்றாகத் தெரியும். இருபத்தெட்டாம் அத்தியாயத்தில், பிள்ளைகள் இருவரும் இருட்டில் பள்ளிக்கூட விழாவுக்குப் போகும்போது, ராட்லி வீட்டு மரத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு மாக்கிங்பேர்ட் பாடுகிறது. ஒவ்வொரு பறவையின் குரலாக மாற்றி மாற்றி எடுக்கும் அந்தப் பாட்டில் புளூ ஜேயின் சிடுசிடுத்த கத்தலும் வந்துபோகிறது. சுடலாம் என்று ஒதுக்கப்பட்ட பறவையின் குரல், சுடக்கூடாத பறவையின் தொண்டையில் இருக்கிறது. நாவலிலேயே மிக நுட்பமான வரி அதுதான் என்பேன். அதை அதற்கு மேல் எங்கும் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டுவிட்டார் லீ என்பதுதான் என் குறை.

அடுத்து, யார் இந்தப் பறவை? எந்தப் பள்ளி மாணவரைக் கேட்டாலும் டாம் ராபின்சன், பூ ராட்லி என்று இரண்டு பெயர்கள் வரும். வெள்ளைக்காரப் பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகப் பொய்யாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கறுப்பினத் தொழிலாளி டாம். பல ஆண்டுகளாக வீட்டுக்குள் அடைந்துகிடக்கும் வெள்ளைக்காரர் பூ. ஆனால் நாவலை வரிவரியாகப் பார்த்தால், டாமை அந்தப் பெயரால் யாரும் குறிப்பிடுவதே இல்லை. வெறிநாய் தெருவில் தள்ளாடி வரும்போது மாக்கிங்பேர்டுகள் அடங்கிப்போகின்றன. ஜூரியின் முடிவுக்காகக் காத்திருக்கையில் அதே மௌனம் ஸ்கவுட்டின் நினைவுக்கு வருகிறது. முப்பதாம் அத்தியாயத்தில், பூவைக் காட்டிக்கொடுப்பது மாக்கிங்பேர்டைச் சுடுவது மாதிரி அல்லவா என்று அவளே கேட்கிறாள். நேரடியாகப் பெயர் சூட்டப்படுவது அந்த ஓர் இடத்தில்தான். அது பூவுக்கு.

டாமுக்குக் கிடைப்பது அதன் தூரத்து உறவு. டாம் கொல்லப்பட்ட பிறகு, உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அண்டர்வுட் ஒரு தலையங்கம் எழுதுகிறார். வேட்டைக்காரர்களும் குழந்தைகளும் பாடும் பறவைகளை அர்த்தமில்லாமல் கொல்வதோடு அந்தச் சாவை ஒப்பிடுகிறார். ஊனமுற்றவர்களைக் கொல்வது பாவம் என்கிறார். யார் இந்த அண்டர்வுட்? சிறைவாசலில் டாமை அடித்துக் கொல்ல வந்த கும்பலுக்கு எதிராக, மேல்மாடி ஜன்னலில் துப்பாக்கியோடு காவல் இருந்தவர். கறுப்பினத்தவரை அடியோடு வெறுப்பவர், பக்கத்தில்கூட அண்டவிடாதவர் என்று அவரைப் பற்றி அட்டிகஸே சொல்கிறார். டாமுக்குப் பறவை உவமையைக் கொடுத்தவர் டாமைப் போன்ற ஒருவரைத் தன் பக்கத்தில் நிற்கவிடாதவர். லீ இதைத் தெரிந்தே செய்தாரா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தெரிந்து செய்திருந்தால், பாடும் பறவைக்காக இரங்குவதும் மனிதனை வெறுப்பதும் ஒரே நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும் என்பதை அவர் காட்டிவிட்டார். அப்படியானால் குறியீட்டின் மேல் அவருக்கே முழு நம்பிக்கை இல்லை.

இப்போது நீதிமன்றத்துக்கு வருவோம். பதினேழாம் அத்தியாயத்திலிருந்து இருபத்தொன்றாம் அத்தியாயம் வரை நீளும் விசாரணை, ஆங்கில நாவல்களில் வந்த நீதிமன்றக் காட்சிகளில் முதல் வரிசையைச் சேர்ந்தது. குற்றஞ்சாட்டும் பெண் மயெல்லா யூவெலின் முகத்தில் காயம் வலப்பக்கம். டாமின் இடக்கை சிறுவயதில் பஞ்சு அரவை எந்திரத்தில் சிக்கி, மற்றக் கையைவிட ஓர் அடி குறைந்து, செத்த கையாகத் தொங்குகிறது. அவளுடைய தகப்பன் பாப் யூவெல் இடக்கைப் பழக்கக்காரன். டாமுக்காக வாதாடும் அட்டிகஸ் இதை அவசரப்படாமல், சாட்சி சாட்சியாக அடுக்கிக் காட்டுகிறார். டாமைக் குறையே இல்லாத மகானாகவும் லீ வரையவில்லை. முன்பு ஒரு சண்டையில் முப்பது நாள் சிறை போனதை அட்டிகஸே அவர் வாயால் சொல்லவைக்கிறார். எதிராளிக்கு அபராதம் கட்டப் பணம் இருந்தது, டாமுக்கு இல்லை.

திருப்பம் குறுக்கு விசாரணையில் வருகிறது. கூலி வாங்காமல் எதற்காக அந்தப் பெண்ணுக்கு இத்தனை வேலை செய்துகொடுத்தாய் என்று அரசு வழக்கறிஞர் கில்மர் துருவுகிறார். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். மண்டபம் இறுகிப்போகிறது. சொன்னவருக்கும் தன் தவறு உடனே உறைக்கிறது. கில்மர் அந்தப் பதிலை எல்லோர் காதிலும் ஊறவிட்டு வேண்டுமென்றே தாமதிக்கிறார். அலபாமாவில் 1935இல் ஒரு கறுப்பர் வெள்ளைக்காரிக்காக இரங்கினார் என்றால், அந்த ஒரு கணம் அவர் மேலே நிற்கிறார், அவள் கீழே நிற்கிறாள் என்று பொருள். ஜூரியால் தாங்கிக்கொள்ள முடியாதது அதைத்தான். குற்றச்சாட்டு பொய் என்று அவர்களுக்கும் தெரியாமல் இல்லை.

ஒரு பறவையால் இதைச் செய்ய முடியாது. நமக்காகப் பாடும் உயிருக்கு நம்மைப் பார்த்து இரங்கும் அதிகாரம் இல்லை. இரங்குவதற்கு ஒரு பார்வை வேண்டும், எடைபோடும் மனம் வேண்டும். அந்தப் பதிலைச் சொன்ன நொடியில் டாம் மாடியின் பட்டியலைவிட்டு வெளியே வந்துவிடுகிறார். அவரைக் கொல்வதும் அதுதான். நாவலின் உயிர்நாடியான காட்சி, நாவலின் தலைப்பைப் பொய்யாக்குகிறது.

இதே முரண் இருபத்து நான்காம் அத்தியாயத்தில் இன்னும் கூர்மையாக வருகிறது. ஃபிஞ்ச் வீட்டில் மிஷனரிச் சங்கப் பெண்கள் கேக்கும் காபியும் சாப்பிட்டுக்கொண்டு, எங்கோ தொலைதூரத்தில் இருக்கும் மருனா பழங்குடியினருக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். (தன் ஊர்க்காரர்களின் மேல் லீ கொட்டிய எள்ளலில் உச்சம் இது, ஜேன் ஆஸ்டினைத் தன் ஆதர்சம் என்று அவர் சொன்னதில் வியப்பில்லை.) அப்போது அட்டிகஸ் சமையலறைக்கு வந்து செய்தி சொல்கிறார்: சிறை முற்றத்தில் வேலியேறித் தப்பப் பார்த்த டாமைக் காவலர்கள் சுட்டுவிட்டார்கள். உடலில் பதினேழு குண்டுத் துளைகள். மேல்முறையீட்டில் நம்பிக்கை இருந்ததே என்று வருந்தும் அட்டிகஸ், வெள்ளையர் தரும் வாய்ப்புகளில் சலித்துப்போய்த் தன் வாய்ப்பைத் தானே எடுத்துக்கொண்டார் போலும் என்கிறார். டாம் என்ற மனிதரின் உள்ளே வெளிச்சம் விழும் இடம் இது. சலிப்பு, கணக்கு, துணிவு, ஒருவேளை கோபம்கூட. அடுத்த அத்தியாயத்திலேயே அண்டர்வுட்டின் தலையங்கம் வந்து, வேலியில் ஏறிய மனிதரை மறுபடி கூட்டுக்குள் வைத்துவிடுகிறது. தானாக முடிவெடுத்தவர், அறியாமல் அடிபட்ட குருவியாகிறார். ஊர் சும்மா இருந்திருக்கும். தலையங்கம் படித்தவர்கள் ஓரிருவர் உச்சுக்கொட்டியிருப்பார்கள்.

டாமை இப்படிப் பறவையாகச் சுருக்கியது தற்செயலா, கட்டுமானமா? 2015இல் வெளிவந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' இதற்கு நேரடிச் சான்று தருகிறது. அது பின்கதை என்று விற்கப்பட்டாலும், எழுதப்பட்டது முன்னால். 1957இல் லிப்பின்காட் பதிப்பகத்துக்கு லீ கொடுத்த கைப்பிரதி அது. எடிட்டர் டே ஹோஹாஃப், குழந்தைப் பருவ நினைவுகள்தான் உயிரோடு இருக்கின்றன என்று கண்டு, அதையே நாவலாக்கச் சொன்னார். 1960 ஜூலையில் 'மாக்கிங்பேர்ட்' வந்தது. முந்திய பிரதியிலும் இந்த வழக்கு சில வரிகளில் வருகிறது. ஆனால் அங்கே அட்டிகஸ் ஜெயிக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவர் மரம் அறுக்கும் ஆலை விபத்தில் கையை இழந்தவர். அங்கே வைக்கப்பட்ட வாதம், 'எதுவும் நடக்கவில்லை' என்பதல்ல, 'பெண்ணின் சம்மதத்தோடு நடந்தது' என்பது.

இரண்டு பிரதிகளுக்கும் இடையில் நடந்ததைப் பார்க்க வேண்டும். முதல் பிரதியின் மனிதருக்கு ஆசை இருந்தது, உறவு இருந்தது, விடுதலையும் கிடைத்தது. இரண்டாம் பிரதியின் டாம் கதவைச் சரிசெய்ய வந்தார், நாற்காலியில் ஏறி அலமாரிமேல் இருந்த பெட்டியை எடுத்துத் தரப் போனார், அவள்தான் கட்டிப்பிடித்தாள், அவர் ஓடினார். ஆசையின் நிழல்கூட அவர்மேல் விழாமல் துடைத்தெடுத்த பிறகுதான் அவர் சாவு வாசகரை அழவைக்கத் தகுதி பெறுகிறது. எழுத்து நுட்பமாகப் பார்த்தால் லீ செய்தது சரி. தோல்வியால்தான் நாவல் பிழைத்தது. அறக்கணக்காகப் பார்த்தால், அழுக்கே இல்லாதவராக இருந்தால் மட்டுமே கறுப்பருக்கு நீதி கேட்க முடியும் என்ற நிபந்தனையைக் கதையின் அமைப்பே ஏற்றுக்கொண்டுவிட்டது.

பூ ராட்லி விஷயத்தில் நிபந்தனை தலைகீழ். இளமையில் போக்கிரிகளோடு சேர்ந்து ரகளை செய்தவர். முப்பத்து மூன்றாம் வயதில் தகப்பனின் காலில் கத்தரிக்கோலைக் குத்தியதாக ஊர் சொல்கிறது. கடைசியில், பிள்ளைகளைக் காப்பாற்றும் முயற்சியில், பாப் யூவெலைக் கத்தியால் கொன்றே விடுகிறார். கொலை செய்தவர்தான் நாவல் வாய்திறந்து மாக்கிங்பேர்ட் என்று அழைக்கும் ஒரே மனிதர். ஷெரிப் ஹெக் டேட் வராந்தாவிலேயே முடிவெடுக்கிறார்: யூவெல் தன் கத்திமேல் தானே விழுந்து செத்தான். விசாரணை இல்லை, ஜூரி இல்லை. காரணமில்லாமல் ஒரு கறுப்பர் செத்தார், அதற்குக் காரணமானவனும் செத்தான், கணக்கு முடிந்தது என்கிறார். கூச்சம் மிகுந்த இந்த மனிதரை வெளிச்சத்துக்கு இழுப்பதுதான் பாவம் என்கிறார். சட்டத்தைக் கண்ணாகக் கருதும் அட்டிகஸ், சற்று நேரம் தடுமாறிவிட்டுச் சம்மதிக்கிறார்.

கதையாக இது நெஞ்சைத் தொடுகிறது. நானும் அந்த வராந்தாவில் டேட்டோடுதான் நிற்கிறேன். ஆனால் திறனாய்வு இங்கே ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். குற்றமற்றவருக்காகச் சட்டம் வளையாது என்பதை இருபத்தொரு அத்தியாயங்களாகச் சொன்ன நாவல், கொன்றவருக்காக ஒரே அத்தியாயத்தில் சட்டத்தை வளைக்கிறது. வித்தியாசம் என்ன? பூ வெள்ளையர், நல்ல குடும்பம், சொந்த வீடு, ஊரின் மௌனம் அவரைச் சுற்றி அரணாக நிற்கிறது. டாமைச் சுற்றி நின்ற மௌனம் வேறு. குறியீடு இருவருக்கும் பொது என்று வகுப்பறை சொல்லும்போது மறைந்துபோவது இந்த வேறுபாடுதான். மாக்கிங்பேர்ட் காப்பாற்றுவது, ஷெரிப் காப்பாற்ற விரும்புகிறவரை மட்டும்.

எதிர்த்தரப்பு வாதங்கள் வலுவானவை. அவற்றைத் தள்ளிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது நியாயம் ஆகாது. கதை சொல்பவள் குழந்தை, பறவை உவமை அவள் வயதின் அளவுக்கான அறிவு என்பது முதல் வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்பவள், பல ஆண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும் வளர்ந்த ஸ்கவுட்டும்கூட. மற்ற இடங்களில் சிறுமியின் புரிதலை அந்த வளர்ந்த குரல் மெல்லக் கிண்டல் செய்கிறது. பறவை விஷயத்தில் மட்டும் அப்படியே வழிமொழிகிறது. மேலும் அதே குழந்தையின் கண்ணுக்கு லீ இதைவிடப் பெரிய படிமம் ஒன்றைத் தந்திருக்கிறார். தீர்ப்பு வாசிக்கப்படும்போது, வெறிநாயைச் சுட அன்று தெருவில் நடந்த அப்பா இப்போதும் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி விசையை அழுத்துவதாகவும், அதில் குண்டு இல்லை என்று தனக்கு முன்பே தெரிவதாகவும் ஸ்கவுட் உணர்கிறாள். சட்டம் என்ற வெற்றுத் துப்பாக்கி. எட்டு வயதுக் குழந்தையால் தாங்கக்கூடியது, எண்பது வயது வாசகரும் தப்ப முடியாதது. இந்தப் படிமத்தில் அப்பாவி யார் என்ற கேள்வியே எழவில்லை. அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

இரண்டாவது வாதம் காலம். 1955இல் மிசிசிப்பியில் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மட் டில்லைக் கொன்றவர்களை ஜூரி விடுவித்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தெற்கின் வெள்ளை வாசகரைத் தொட, அப்பழுக்கற்ற பலியாள் தேவைப்பட்டார். மார்ட்டின் லூதர் கிங்கே 1964இல் எழுதிய நூலில் அட்டிகஸை அகிம்சையின் துணிவுக்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். நாவல் வேலை செய்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 1935இன் அலபாமா, பறவைகளுக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்காட்ஸ்பரோவில் 1931இல் பிடிபட்ட ஒன்பது கறுப்பின இளைஞர்களின் வழக்கில்தான், ஜூரியிலிருந்து கறுப்பரை ஒதுக்கிவைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1935 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாவலில் டாமின் விசாரணை நடப்பது அதே ஆண்டுக் கோடையில். மிஸ் மாடி ஏன் ஜூரியில் இல்லை என்ற பேச்சு ஃபிஞ்ச் வீட்டில் வருகிறது. கறுப்பர் ஏன் இல்லை என்று அட்டிகஸ் நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்பவில்லை. குற்றமற்ற ஒருவரைக் காட்டினால் போதும் என்று கதை நம்புவதால், அமைப்பைக் கேள்வி கேட்கும் வழக்கறிஞர் அதற்குத் தேவைப்படவில்லை.

பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டவர்களைப் பாருங்கள். மயெல்லாவுக்குப் பத்தொன்பது வயது. குப்பைமேட்டு வீட்டு முற்றத்தின் மூலையில், எனாமல் பெயர்ந்த பாத்திரங்களில் சிவப்பு ஜெரேனியம் வளர்க்கிறாள். தம்பி தங்கைகளை ஐஸ்கிரீம் சாப்பிட அனுப்ப ஒரு வருடம் காசு சேர்க்கிறாள். தகப்பன் அவளுக்கு என்னவெல்லாம் செய்தான் என்பது டாமின் சாட்சியத்தில் கோடிகாட்டப்படுகிறது. அவள் பொய்தான் டாமைக் கொன்றது. ஆகையால் அவள் பறவை இல்லை. ஆனால் அவளும் நொறுக்கப்பட்டவள். கெட்டதும் செய்து கொடுமையும் பட்டவர்களுக்கு இந்தக் குறியீட்டில் இடம் கிடையாது. நாவலில் இருக்கிறது, குறியீட்டில் இல்லை.

லூலா இன்னும் சுருக்கமாக வந்துபோகிறாள். ஃபிஞ்ச் வீட்டின் கறுப்பினச் சமையல்காரி கல்பூர்ணியா பிள்ளைகளைத் தங்கள் தேவாலயத்துக்கு அழைத்துவரும்போது, வெள்ளைக்காரப் பிள்ளைகளை எதற்கு இங்கே கூட்டிவந்தாய் என்று கேட்கிறவள் அவள் ஒருத்திதான். கூட்டம் அவளைச் சட்டென்று அடக்கிவிடுகிறது. பிறகு நாவலில் அவள் இல்லை. சத்தம் போடும் பறவையின் கதி அதுவே. டாமின் மனைவி ஹெலனோ, கணவன் செத்த செய்தியோடு வாசலுக்கு வந்தவர்களைப் பார்த்ததும் தரையில் விழுகிறாள். அதை விவரிக்கும் சிறுவன் டில், எறும்பை மிதித்ததுபோல் என்கிறான். பறவை, எறும்பு. அந்தக் குடும்பத்துக்குச் சொந்த வார்த்தை என்று நாவல் தந்தது சாட்சிக் கூண்டில் மட்டும்.

எர்னெஸ்ட் கெய்ன்ஸ் 1993இல் வெளியிட்ட 'எ லெசன் பிஃபோர் டையிங்' நாவலை இதன் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். லூசியானாவில், 1940களின் இறுதியில், ஜெபர்சன் என்ற கறுப்பின இளைஞன் செய்யாத கொலைக்காக விசாரிக்கப்படுகிறான். அவனைக் காப்பாற்ற வந்த வெள்ளைக்கார வழக்கறிஞர், இவனுக்குத் திட்டமிடும் புத்தியே கிடையாது, இவனை மின் நாற்காலியில் வைப்பதும் ஒரு பன்றியை வைப்பதும் ஒன்று என்று ஜூரியிடம் கெஞ்சுகிறார். ஆதரவாகச் சொன்ன மிருக உவமை. மரண தண்டனை எப்படியும் விழுகிறது. அந்தச் சொல்தான் அவனை முதலில் கொல்கிறது; கொட்டடியில் தரையில் குனிந்து பன்றியைப் போல் தின்று காட்டுகிறான். அவன் மனிதனாக நின்று சாக வேண்டும் என்று அவனை வளர்த்த ஞானத்தாய் கேட்கிறாள். நாவல் முழுக்க அதற்கான போராட்டம். ஜெபர்சன் நல்லவனா, பயனுள்ளவனா, பாடுவானா என்று கெய்ன்ஸ் கேட்கவே இல்லை. பறவைக்கும் பன்றிக்கும் இடையே தூரம் அதிகம் என்று தோன்றலாம். இரண்டிலும் வாதாடுபவர் செய்வது ஒன்றுதான்: மனிதன் என்று சொன்னால் விடமாட்டார்கள், வேறு ஏதாவது சொல்லிப் பார்ப்போம்.

லீயின் சொந்த ஊரான மன்ரோவில்லில் பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். நாவலை ஆண்டுதோறும் நாடகமாக நடிக்கிறார்கள். அந்த வட்டாரத்திலேயே 1987இல் வால்டர் மெக்மில்லியன் என்ற கறுப்பினத்தவர், ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கொலைக்காகக் கைதானார். கொலை நடந்த நேரத்தில் அவர் தன் வீட்டில், தேவாலயத்துக்காக மீன் பொரித்து விற்ற கூட்டத்தில் இருந்ததைப் பலர் சொன்னார்கள். ஜூரி ஆயுள் தண்டனையே பரிந்துரைத்தும் நீதிபதி அதை மாற்றி மரண தண்டனை விதித்தார். வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் வாதாடி, 1993இல் அவரை விடுவித்தார். மெக்மில்லியன்மேல் ஊரின் கண் முதலில் விழுந்ததற்கு, மணமான ஒரு வெள்ளைக்காரப் பெண்ணோடு அவருக்கு இருந்த தொடர்பு ஒரு காரணம். 'வாட்ச்மேன்' பிரதியில் வந்து, 'மாக்கிங்பேர்ட்' பிரதியில் துடைக்கப்பட்ட மனிதர் அவர்.

இதற்கு நாவலைக் குற்றம் சொல்வது அபத்தம். எந்த நாவலும் ஊரைத் திருத்துவதில்லை. என் தீர்ப்பு குறியீட்டின்மேல்தான். மாக்கிங்பேர்ட், இந்த நாவலின் அழகான குறை. பூ ராட்லிக்கு அது பொருந்துகிறது. ஒதுங்கி வாழ விரும்பும் ஒருவரை விட்டுவிடு என்று கேட்க அது போதும். டாம் ராபின்சனுக்கு அது பொருந்தாது, பொருத்தினால் அவரைச் சிறுக்கவைக்கிறது. நீதிமன்ற அத்தியாயங்களையும் மிஷனரிச் சங்கக் காட்சியையும் எழுதியவர் பெரிய நாவலாசிரியர். அவற்றுக்கு மேல் இந்தத் தலைப்பை ஒட்டியதும், டாமின் பெயரையும் அதற்குள் எழுதிச் சேர்த்த நம் பாடப்புத்தகக் குறிப்புகளும், அந்த எழுத்து எட்டிய இடத்திலிருந்து ஒரு படி கீழே இறங்கிவிட்டன. எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானர் இதைக் குழந்தைகள் புத்தகம் என்று கடிதமொன்றில் ஒதுக்கியது முப்பதாம் அத்தியாயத்துக்குப் பொருந்தும், இருபத்து நான்காவதற்குப் பொருந்தாது. வகுப்பில் இந்த நாவலை எடுக்கும் ஆசிரியர் கட்டுரைக்குக் கேள்வி கொடுப்பதானால், மாக்கிங்பேர்ட் யார் என்பதைக் கொஞ்ச காலம் ஒத்திவைக்கலாம். பாவமாக இருந்தது என்று டாம் சொன்னதும் அந்த மண்டபம் ஏன் கோபப்பட்டது என்று கேட்கலாம். லூலா சொன்னதற்கு யாரும் ஏன் பதில் சொல்லவில்லை என்றும் கேட்கலாம்.